பிள்ளைகளின் எண்ணிக்கை

விசுவமடு, இலங்கை
12.02.2024

அன்புள்ள பிரஷாந்தினிக்கு,

அப்பா எழுதுவது. முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லி முடித்துவிடுகிறேன். இல்லாவிட்டால் உன் அண்ணன் கிருசாந்தன் போனில் முந்திக்கொள்வான்.

போன வியாழக்கிழமை எங்கள் பள்ளிக்கூடத்தில் நடமாடும் சேவை நடந்தது. பிரசாவுரிமை இல்லாதவர்களுக்கு இலவசமாகச் சட்ட உதவி செய்கிற ஆட்களும் வருகிறார்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். நான் விடியவே போய் வரிசையில் முதல் ஆளாக நின்றேன். இரண்டு மணித்தியாலம். கதவு திறந்ததும் ஒரு தாதி என்னைக் கதிரையில் இருத்திச் சுவரில் தொங்கிய எழுத்துகளை வாசிக்கச் சொன்னார். வழக்கு எடுக்கமுதல் ஆளுக்கு எழுத்துத் தெரியுமா என்று பார்க்கிறார்கள் போலும் என்று நினைத்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உரத்து வாசித்தேன். கடைசியில் ஒரு மூக்குக் கண்ணாடியைக் கையில் தந்து "அடுத்த ஆள்" என்றார்கள். அது கண் பரிசோதனை வரிசை. சட்ட உதவி வரிசை மற்றப் பக்கம், வேப்பமரத்துக்குக் கீழே. அங்கே போனபோது நான் அறுபத்து மூன்றாவது ஆள்.

அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். எழுத்துப் பெரிதாகத் தெரிகிறது. பிழையும் பெரிதாகத் தெரிகிறது.

சட்டத்தரணியின் பெயர் சிவதர்சினி. உன் வயதுதான் இருக்கும். உன்னைப் பற்றிச் சொன்னேன்.

"மகள் எங்க பிறந்தவா, ஐயா?"

"திருச்சிப் பக்கம், அகதி முகாமில. தொண்ணூற்று மூண்டு."

"ஒரு வருசத்துக்குள்ள சென்னையில எங்கட தூதரகத்தில பதிஞ்சனீங்களா?"

"பதிய வேணுமெண்டு தெரியாது, பிள்ளை."

அவர் கோபிக்கவில்லை. இந்த நாட்டுப் பிரசைக்கு வெளிநாட்டில் பிறந்த பிள்ளையும் இந்த நாட்டுப் பிள்ளைதானாம். ஆனால் பதிந்தால்தானாம். பிந்தினாலும் தக்க காரணம் காட்டிக் கேட்கலாமாம். அதற்கு நீ என் மகள் என்பதற்கு எத்தனை அத்தாட்சி சேர்க்கிறோமோ அத்தனை நல்லது என்றார். பிறகு கேட்டார்: "உங்களுக்குள்ள கடிதப் போக்குவரத்து இருக்கா?"

"அவ என்னோட போனிலயே கதைக்கிறேல்ல. தாயோட மட்டுந்தான்."

"அப்ப எழுதுங்கோ. பதிவுத் தபாலில அனுப்புங்கோ. உறையை எறியாதேங்கோ. தேதியும் முத்திரையும் உள்ள உறை எங்களுக்குச் சாட்சி."

ஆகவே பிள்ளை, இந்தக் கடிதம் கோப்புக்குப் போகும். நீ எழுதும் பதிலும் போகும். என்னைத் திட்டுவதென்றால் சட்டத்தரணி வாசிக்கக்கூடிய தமிழில் திட்டு.

உன் பிறப்புச் சான்றிதழ், முகாம் அட்டை, என் பெயர் உள்ள பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் பிரதி அனுப்பு. அம்மா சுகம்.

அப்பா
இ. பழனியாண்டி

*

அகதி முகாம், திருச்சி மாவட்டம்
03.03.2024

அப்பாவுக்கு,

நீங்கள் கேட்ட பிரதிகள் இத்துடன் உள்ளன. கோப்புக்கு வேண்டும் என்பதால்தான் கடிதமும் எழுதுகிறேன்.

எனக்கு முப்பத்தொரு வயது. பி.காம் முடித்துவிட்டு ஜவுளிக் கடையில் துணி மடிக்கிறேன். நேர்முகத் தேர்வுகளுக்குப் போனால் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுவேன். கடைசியில் 'எந்த நாடு?' என்பார்கள். போன வருடம் உங்கள் பேத்தியைப் பள்ளியில் சேர்த்தேன். 'தேசியம்' என்ற கட்டத்தில் ஆசிரியை பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அவர் ஒரு சின்னக் கோடு போட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனார். அவளும் முகாமில் பிறந்தவள். அவள் அப்பாவும் முகாமில் பிறந்தவர். எனக்கு ஒரு நாடு கிடைத்தால்தான் அவளுக்கு ஒன்று கேட்க முடியும். இது உங்கள் சட்டத்தரணி வாசிப்பதற்காக.

இனி நீங்கள் வாசிப்பதற்காக. 2012இல் உங்கள் மூவருக்கும் ஊர் திரும்பப் பயணம் சரியானபோது, வழியனுப்ப நானும் சென்னைக்கு வந்தேன். சித்தியோடு, பயணப் படிவம் கொடுக்கிற அந்த அலுவலக வாசலில் நின்றேன். நீங்களும் அம்மாவும் உள்ளே போய் ஒரு மணி நேரம் கழித்து வந்தீர்கள். "ஆறு மாதம் பொறு, உன்னைக் கூப்பிட்டுக்கொள்கிறேன்" என்றீர்கள். எதிர்க்கடையில் எனக்கு ஒரு பன் வாங்கிக் கொடுத்தீர்கள். பன்னிரண்டு வருடமாகிவிட்டது.

எனக்கு ஒரே ஒரு கேள்வி. அந்த ஒரு மணி நேரத்தில், உள்ளே, என்னைப் பற்றி என்ன சொன்னீர்கள்?

'அம்மா சுகம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மாவும் போனில் அதையே சொல்கிறாள். இரண்டு பேரும் ஒரே மாதிரிச் சொன்னால் எனக்குப் பயமாக இருக்கிறது. உண்மையை எழுதுங்கள்.

பிரஷாந்தினி

*

விசுவமடு
09.04.2024

அன்புள்ள பிரஷாந்தினிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உறையைத் தகரப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறேன். காணி உறுதிப் பத்திரத்துக்குக்கூட இவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை.

அம்மாவைப் பற்றிய உண்மை இதுதான். இரண்டு சிறுநீரகமும் பழுது. இந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு இந்த வருத்தம் இருக்கிறது, தண்ணீரைச் சொல்கிறார்கள். கிழமைக்கு இரண்டு தரம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இரத்தம் சுத்தப்படுத்துகிறோம். கால் இரண்டும் வீங்கிக் கிடக்கின்றன. பின்னேரங்களில் நான்தான் தேங்காய் எண்ணெய் தடவிவிடுகிறேன். அதிலும் உன் அம்மாவுக்கு ஒரு வீம்பு. வலது காலை மட்டும் தருவாள். இடது காலைத் தொட விடமாட்டாள். ஏன் என்று கேட்டால் "அது அப்பிடியே கிடக்கட்டும்" என்பாள்.

கிராம சேவகர் பரமலிங்கத்திடம் குடும்ப விபரம் உறுதிப்படுத்தக் கடிதம் கேட்டுப் போனேன். பதிவேட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணை, இதில மகன் மட்டுந்தானே கிடக்கு. முப்பது வயசில திடீரெண்டு ஒரு மகள் பிறந்திருக்கிறாவோ?" கந்தோரில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சைக்கிளைச் சாத்தும்போதுதான் அந்தச் சிரிப்பு நின்றது.

நாடு என்று கேட்டாய். எனக்கே அது பிந்திக் கிடைத்த சாமான். நான் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்தவன். எங்களை இங்கே 'இந்தியாக்காரர்' என்றார்கள். எழுபத்தேழுக் கலவரத்தில் அடித்து விரட்ட, தாத்தா என்னைக் கையில் பிடித்துக்கொண்டு வன்னிக்கு வந்தார். இருபத்தைந்து வயதுவரை எனக்கு எந்த நாடும் இல்லை. எண்பத்தெட்டில் ஒரு சத்தியக் கடதாசி கொடுத்து, இலங்கைப் பிரசை ஆனேன். அடுத்த வருடம் உன் அண்ணன் பிறந்தான். அதற்கடுத்த வருடம் குண்டுக்குப் பயந்து படகேறி இராமேசுவரத்தில் இறங்கினால், அங்கே நான் 'சிலோன்காரன்'. எனக்கும் நாட்டுக்கும் பொருத்தம் பார்த்த சாத்திரி சரியில்லை.

நீ கேட்ட மற்றக் கேள்விக்குப் பிறகு ஆறுதலாக எழுதுகிறேன். மழை இருட்டிக்கொண்டு வருகிறது, நெல் காயப்போட்டிருக்கிறது.

அப்பா

*

முகாம்
02.05.2024

அப்பாவுக்கு,

ஏப்ரல் ஒன்பதாம் தேதி நான் அம்மாவோடு பேசினேன். "வெயில் மண்டையைப் பிளக்குது" என்றாள். நெல்லை அள்ளியாகிவிட்டதா?

அம்மாவைப் பார்க்க வர முடியுமா என்று இங்கே வருவாய் அலுவலகத்தில் கேட்டேன். பாஸ்போர்ட் இல்லாமல் எப்படிப் போவாய் என்றார்கள். பாஸ்போர்ட் வாங்கக் குடியுரிமை வேண்டும். மகளை விட்டுவிட்டு எப்படியாவது போனாலும், திரும்பி உள்ளே விடுவார்களா என்று யாருக்கும் தெரியவில்லை. சென்னைத் தூதரகத்துக்கும் போனேன். அங்கே ஒரு அம்மா நன்றாகத்தான் பேசினார். "உங்கள் அப்பா திரும்பிப் போனபோது கொடுத்த குடும்ப விபரத்தில் உங்கள் பெயர் இருந்தால் வேலை சுலபம்" என்றார்.

இருக்குமல்லவா?

பிரஷாந்தினி

*

விசுவமடு
11.06.2024

அன்புள்ள பிள்ளைக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு தரம் எழுதிக் கிழித்தேன்.

சட்டத்தரணி விண்ணப்பம் போட்டு, 2012இல் நாங்கள் சென்னையில் கொடுத்த படிவத்தின் பிரதியை எடுத்துவிட்டார். முந்தாநாள் கூப்பிட்டுக் காட்டினார். புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். விண்ணப்பதாரர், மனைவி, பிறந்த இடம், எல்லாம் சரி. 'பிள்ளைகளின் எண்ணிக்கை' என்ற இடத்தில் 'ஒன்று' என்று இருந்தது. கீழே என் கையெழுத்து.

"ஐயா, இது உங்கட ஒப்பம்தானே?"

"ஓம்."

"அப்ப மகள்?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

முகாமில் எல்லாருக்கும் படிவம் நிரப்பிக் கொடுத்த குகதாசனை உனக்குத் தெரியும். அவர்தான் சொன்னார், "காகிதம் இல்லாத பிள்ளையை எழுதினா நாலு பேரின்ட பயணமும் நிக்கும். இருக்கிற பிள்ளையை மட்டும் எழுதுங்கோ. மற்றதைப் பிறகு கூப்பிடலாம்." அந்த நேரம் பலபேர் அப்படித்தான் செய்தார்கள். விசுவமடுக் காணிக்கு ஆள் வராவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று ஊரிலிருந்து செய்தி வந்துகொண்டிருந்தது. காணி போனால் உன்னை எங்கே கூப்பிட்டு வைத்திருப்பேன் என்று நினைத்தேன். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வந்த பிறகு உன்னைக் கூப்பிடக் கந்தோர் கந்தோராகப் போனேன். எல்லா இடத்திலும் அந்தப் படிவத்தை எடுத்துப் பார்ப்பார்களே என்ற பயத்தில், வாசல்வரை போய் ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டுத் திரும்பினேன். பன்னிரண்டு வருடத்தில் குடித்த பிளேன்ரீயை ஊற்றினால் ஒரு வயல் விதைக்கலாம்.

சட்டத்தரணியிடம் கேட்டேன்: "உன்னை எழுதியிருந்தா என்ன நடந்திருக்கும், பிள்ளை?" பார், உன்னை என்றே கேட்டுவிட்டேன்.

அவர் படிவத்தை மடித்துக் கோப்புக்குள் வைத்தார். பிறகு சொன்னார்: "அங்கயே தூதரகத்தில பதிஞ்சிருப்பினம். பயணம் ஒரு மூண்டு மாதம் பிந்தியிருக்கும், ஐயா. அவ்வளவுதான்."

இனி நீ எந்தத் தமிழிலும் எழுதலாம்.

அப்பா

*

முகாம்
28.06.2024

அப்பாவுக்கு,

இரண்டு அரசாங்கமும் என்னை எழுத மறந்துவிட்டன என்றுதான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அரசாங்கத்தின்மேல் கோபப்படுவது சுலபமாக இருந்தது.

நீங்கள் 'ஒன்று' என்று எழுதிக் கொடுத்தபோது நான் இருபதடி தள்ளி வாசலில் நின்றேன். பிறகு வந்து பன் கொடுத்தீர்கள். அதை நான் பேருந்தில் அழுதுகொண்டே தின்றேன். பாதியைச் சித்திக்குக் கொடுத்தேன். என் அப்பா வாங்கித் தந்தது என்று சொல்லிக் கொடுத்தேன்.

அம்மா பக்கத்தில் இருந்தாளா? இருந்தாள் என்றால், அவள் ஏன் வாயைத் திறக்கவில்லை? உங்களிடம் நான் பெரிதாக எதிர்பார்த்ததில்லை. அவளிடம் எதிர்பார்த்தேன். இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

கோப்புக்காக ஒரு புகைப்படம் வைத்திருக்கிறேன். எனக்கு நான்கு வயது, முகாம் குழாயடி, உங்கள் தோளில் இருக்கிறேன். பின்னால் தேதி உள்ளது.

பிரஷாந்தினி

*

விசுவமடு
10.07.2024

பிள்ளைக்கு,

புகைப்படம் கிடைத்தது. சட்டத்தரணி நல்ல அத்தாட்சி என்றார். கோப்புக்குப் பிரதியைக் கொடுத்துவிட்டு, அசலை அம்மாவின் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

நீ கேட்டதற்குப் பதில். அம்மா பக்கத்தில்தான் இருந்தாள்.

வேறொன்றும் எழுதத் தெரியவில்லை.

அம்மாவின் போனை நீ எடுப்பதில்லையாம். மூன்று நாளாக அடிக்கிறாள். நான் குசினிக்குள் நின்று அந்த மணியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எடு, பிள்ளை.

அப்பா

*

முகாம்
19.08.2024

அப்பாவுக்கு,

அம்மா போய் இன்றோடு பதினைந்து நாள். சித்தி வீட்டில் விளக்கேற்றிச் சாப்பாடு படைத்தோம்.

உங்கள் ஜூலைக் கடிதம் வந்தபிறகும் நான் அவள் போனை எடுக்கவில்லை. இருந்தாள், பார்த்தாள், பேசாமல் இருந்தாள் என்றால் அவளிடம் எனக்கு என்ன பேச்சு என்று நினைத்தேன். இருபத்திரண்டு அழைப்புகள். அழித்துவிடாமல் அப்படியே வைத்திருக்கிறேன். கோபம் ஆறியதும் பேசிக்கொள்ளலாம் என்று இருந்தேன். இதற்கு நீங்கள் காரணமில்லை. இது நான் செய்தது.

ஒன்றை உங்களுக்குச் சொல்ல வேண்டும். சடங்கு நடக்கும்போது அண்ணனுக்குக் கையில் வேலை என்று போனை உங்களிடம் கொடுத்துவிட்டான், எனக்குக் காட்டச் சொல்லி. நீங்கள் அதைத் திருப்பிப் பிடித்துவிட்டீர்கள், அப்பா. கேமரா உங்கள் பக்கம் இருந்தது. "அம்மாவைக் காட்டுங்க, அம்மாவைக் காட்டுங்க" என்று கத்தினேன். பறைச் சத்தத்தில் உங்களுக்குக் கேட்கவில்லை. நாற்பது நிமிடம். அம்மாவின் முகத்தை நான் பார்க்கவே இல்லை. உங்கள் முகத்தைத்தான் பார்த்தேன். மூக்குக் கண்ணாடி ஒரு பக்கம் சரிந்திருந்தது. தாடி வெள்ளையாகிவிட்டது. இடையில் ஒருதரம் போனைப் பார்த்து, "தெரியுதா, பிள்ளை? அம்மா வடிவாத் தெரியுறாவா?" என்று கேட்டீர்கள்.

நான் "தெரியுது" என்றேன்.

பதினைந்து நாளாக உங்கள்மேல் கோபப்படப் பார்க்கிறேன். அந்த முகம் வந்து நிற்கிறது.

விசாரணை எப்போது என்று எழுதுங்கள்.

உங்கள் மகள்
பிரஷாந்தினி

*

விசுவமடு
24.10.2024

அன்புள்ள மகளுக்கு,

போனை நான் திருப்பிப் பிடித்தது நீ எழுதித்தான் தெரியும். கிருசாந்தனிடம் காட்டினேன். அவன் கடிதத்தை வாசித்துவிட்டு எழும்பி வெளியே போய்விட்டான். அப்பாவை நம்பி எதைக் கொடுத்தாலும் இப்படித்தான், பிள்ளை.

நேற்று வவுனியாவில் விசாரணை. வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு போனேன். சட்டத்தரணி உறைகளைத் தேதிவாரியாக நூலில் கட்டிக் கொண்டுவந்திருந்தார். அதிகாரி அந்தக் கட்டைக் கையில் தூக்கிப் பார்த்தார். அவர் சிங்களத்தில் கேட்க, ஒரு எழுதுவினைஞர் தமிழில் சொன்னார்.

"எத்தினை பிள்ளையள்?"

"ரெண்டு!" என்றேன். கொஞ்சம் உரத்துச் சொல்லிவிட்டேன் போலும், அடுத்த அறையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சட்டத்தரணி "மெல்ல, ஐயா" என்றார்.

"அப்ப சென்னையில ஏன் ஒண்டு எண்டு சொன்னனீங்கள்?"

"பயம், ஐயா. பயணம் நிண்டிடும் எண்ட பயம். நான் செய்தது பிழை. பிள்ளை செய்த பிழை ஒண்டுமில்லை. தண்டனை எண்டா எனக்குத் தாங்கோ, பதிவை அவவுக்குத் தாங்கோ."

எழுதுவினைஞர் அதைச் சிங்களத்தில் சொன்னார். அதிகாரி குழாயடிப் படத்தை எடுத்துக் கனநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "மனைவியும் பக்கத்தில இருந்தவாதானே? அவா ஏன் மறுத்துச் சொல்லேல்ல?"

"அவா அதிகம் கதைக்கிறவா இல்லை, ஐயா" என்றேன்.

அதையும் எழுதிக்கொண்டார்கள்.

தேவைப்பட்டால் எனக்கும் உனக்கும் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வார்களாம். கோப்புக் கொழும்புக்குப் போகிறது. எப்போது முடிவு தெரியும் என்று கேட்டேன். ஆறு மாதம் என்றார். அந்தச் சொல்லைக் கேட்டதும் கதிரையைப் பிடித்துக்கொண்டேன். சட்டத்தரணி வெயில் என்று நினைத்துத் தண்ணீர் வாங்கித் தந்தார்.

பேத்திக்கு முத்தம்.

அப்பா

*

(அதே உறையில், தனியாக மடித்த தாள்)

பிள்ளை, இது கோப்புக்கு இல்லை. அனுப்பத்தான் வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் அனுப்பு. நான் மறுக்கமாட்டேன்.

நேற்று நான் அந்த அறையில் வாயால் சொல்லாத ஒன்று இருக்கிறது. ஜூலையில் நீ கேட்டபோதே எழுதியிருக்க வேண்டும். எழுதியிருந்தால் நீ அம்மாவின் போனை எடுத்திருப்பாய். சட்டத்தரணி வாசிப்பாரே என்று வெட்கப்பட்டேன். இருபத்திரண்டு தரம் அந்த மணி அடித்தது, அப்போதும் வெட்கப்பட்டேன். அம்மாவும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. பன்னிரண்டு வருடத்தில் ஒருநாளும் அதைப் பற்றி என்னோடு கதைக்கவில்லை.

சென்னையில், அந்த மேசையில், அதிகாரி படிவத்தை வாசித்துவிட்டு "பிள்ளைகள் ஒன்று, சரிதானே?" என்று கேட்டார். நான் "ஓம்" என்றேன். அம்மா முன்னுக்குச் சாய்ந்து, "இல்லை ஐயா, வாசலில எங்கட..." என்று தொடங்கினாள்.

நான் மேசைக்குக் கீழே அவளுடைய இடது காலை மிதித்தேன். செருப்புக் காலால். அவர் முத்திரை குத்தி முடிக்கும்வரை எடுக்கவில்லை.